மெட்ரோ ஓரத்தில் மாடிமேல் மாடி: பறக்கும் ரயில் பட்ட பாடு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

மாம்பலத்தான் எழுதியது:

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய். தூண் எழும்பிய சாலை எல்லாவற்றிலும் "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிட நடை" என்று ஃபிளாட் விளம்பரம் தொங்குகிறது. கூடவே இன்னொரு பேச்சும் ஓடுகிறது. ஸ்டேஷனைச் சுற்றி 500 மீட்டருக்கு எஃப்.எஸ்.ஐ.யை (மனை அளவைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற வரம்பு) ஏற்றிவிட்டால் ஜனம் அங்கேயே குடிவந்துவிடும், வண்டி குறையும், மெட்ரோவுக்கும் கூட்டம் சேரும் என்கிறார்கள். 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் ஒருமுறை இதைச் செய்து பார்த்துவிட்டோம். பறக்கும் ரயில் (தூண்மேல் ஓடும் உள்ளூர் ரயில்) 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. ஸ்டேஷன்களை எல்லாம் கோட்டை மாதிரி கட்டினார்கள். கீழே கடை வரும், மேலே அலுவலகம் வரும், வாடகையில் ரயிலே ஓடும் என்று கணக்கு. திருமயிலை ஸ்டேஷன் உள்ளே போய்ப் பாருங்கள். கல்யாண மண்டபம் அளவுக்கு ஹால், ஒரு மூலையில் டிக்கெட் கவுன்டர், மிச்சம் முழுக்கப் புறா.

இன்னொரு பக்கம் தி.நகர் ரங்கநாதன் தெரு. யாரும் திட்டம் போடவில்லை, எஃப்.எஸ்.ஐ. பற்றி யாரும் பேசவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கினால் கடைதான். இரண்டுமே ரயில் ஓரம். ஒன்று பிழைத்தது, ஒன்று படுத்தது. ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி எழுதியது:

காரணம் கால்வாய் சார். பறக்கும் ரயிலுக்கு நிலம் எடுக்க வழக்கு, நஷ்டஈடு என்று அலையாமல் இருக்கப் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாகவே, பல இடத்தில் கால்வாய்க்குள்ளேயே, தூண் இறக்கினார்கள். நிலச் செலவு மிச்சம். ஆனால் ரயில் போனது ஜனம் நடக்கிற தெரு வழியாக அல்ல, வீடுகளின் பின்சுவர் வழியாக. ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம் சாக்கடையாகிப்போன கால்வாய், மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர். 500 மீட்டர் வட்டம் என்று வரைபடத்தில் போடுகிறீர்களே, அதில் பாதியில் கால் வைக்கவே முடியாது.

திருவான்மியூர் மட்டும் கொஞ்சம் தப்பித்தது, டைடல் பார்க் பக்கத்திலேயே இருப்பதால். காலையில் அங்கே இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள், ஐ.டி. கார்டு தொங்க ஓட்டமும் நடையுமாக இருக்கும். அதே வரிசையில் வேறு சில ஸ்டேஷன்களில் இரவு எட்டு மணிக்கு இறங்கினால் படிக்கட்டில் விளக்கு இருக்காது. என் தங்கை அப்படி ஒரு ஸ்டேஷனில் இறங்க மாட்டாள். ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவாள். ரயிலுக்கு 5 ரூபாய், ஆட்டோவுக்கு அதைப்போலப் பல மடங்கு. இந்த இடத்தில் யார் சார் கடை போடுவார்கள்?

அப்புறம் வேளச்சேரி–பரங்கிமலை இணைப்பு. மொத்தமே 5 கிலோமீட்டர். 2008 வாக்கில் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கம் பக்கம் கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்த இணைப்பு இல்லாததால் இத்தனை வருஷம் இந்தத் தடமே ஒரு முட்டுச்சந்தாகக் கிடந்தது. கிண்டியிலோ தாம்பரத்திலோ வேலை பார்ப்பவன் பறக்கும் ரயில் பக்கத்தில் ஏன் வீடு பார்த்திருப்பான்?

மாம்பலத்தான் எழுதியது:

முட்டுச்சந்து விஷயம் சரி. நான் ரங்கநாதன் தெருவைச் சொன்னதற்கும் அதுதான் காரணம். தியாகராய நகரை 1920-களில் மாம்பலம் ஏரிப் பக்கம் மனை பிரித்துப் போட்டார்கள். 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. ஸ்டேஷனிலிருந்து உஸ்மான் ரோட்டுக்குப் போக அந்தத் தெருவில் நடந்தே தீரவேண்டும். நடக்கிறவனிடம் முதலில் பழம், பிறகு பாத்திரம், பிறகு புடவை விற்றார்கள். ரயில், தெரு, கடை என்கிற வரிசையில் வந்தது. பறக்கும் ரயிலில் கடைக்கு இடம் முதலில் கட்டிவிட்டுத் தெருவை மறந்துவிட்டார்கள்.

செங்கல்மணல் எழுதியது:

சைட் இன்ஜினியர் என்கிற முறையில் சில விஷயம். எஃப்.எஸ்.ஐ. என்றால் என்ன என்று தெரியாமலே நிறையப் பேர் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு மனை 2400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 4800 சதுர அடி கட்டலாம். 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு இந்த 2 தான். உயரமான கட்டடத்துக்கு 3.25, ஆனால் அதற்கு அகலமான சாலை வேண்டும். இதற்கு மேல் பணம் கட்டி வாங்குவது பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.

இங்கேதான் சூட்சுமம். பிரீமியம் எவ்வளவு கிடைக்கும் என்பது உங்கள் மனைக்கு முன்னால் உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 18 மீட்டர் சாலைக்கு 50 சதவீதம் கூடுதல், 12 மீட்டருக்கு 40, 9 மீட்டருக்கு 30. 9 மீட்டர் என்றால் 30 அடி. நம் ஊரில் ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்கள் எத்தனை 30 அடி இருக்கும்? ஆலந்தூரில், சைதாப்பேட்டையில், பழைய வண்ணாரப்பேட்டையில் டேப் பிடித்துப் பாருங்கள். 20 அடி இருந்தாலே பெரிய தெரு. ஸ்டேஷனுக்கு நூறு மீட்டரில் அரை கிரவுண்டு வைத்திருப்பவனுக்குக் கூடுதல் மாடி கிடையாது. முக்கால் கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டில் பத்து கிரவுண்டு வைத்திருப்பவனுக்கு உண்டு. மெட்ரோவுக்கு அருகில் இருப்பதைவிட மெயின் ரோட்டில் இருப்பதுதான் காசு.

விதியில் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 20 அடித் தெருவில் பத்து மாடி கட்டினால் தீயணைப்பு வண்டி எங்கே திரும்பும்? ரங்கநாதன் தெருவிலேயே 2008-ல் தீப்பிடித்தபோது பார்த்தோமே. அந்தத் தெருவை ரொம்பவும் கொண்டாட வேண்டாம் மாம்பலத்தான் சார்.

சிங்கைக்காரன் எழுதியது:

இங்கே சிங்கப்பூரில் ஐந்தில் நான்கு பேர் வீட்டு வசதிக் கழக வீட்டில்தான் இருக்கிறார்கள். 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் கொண்டுவந்து அரசு நிலத்தை வாங்கிக் குவித்தது. ரயில் வந்தது 1987-ல். அதாவது ரயில் வருவதற்கு முன்பே நிலம் அரசு கையில். ஸ்டேஷன் எங்கே, அங்காடி எங்கே, எந்த பிளாக் எத்தனை மாடி என்று ஒரே மேசையில் முடிவு செய்ய முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து 400 மீட்டர் சுற்றுவட்டத்தில் பள்ளி, கிளினிக், குடியிருப்பு வரை கூரை போட்ட நடைபாதை. மழையில் நனையாமல் வீட்டுக்குப் போகலாம்.

லாரித்தண்ணி எழுதியது:

சிங்கப்பூரை இழுக்காமல் ஒரு இழையாவது முடியுமா இந்தக் குழுவில்? 😀

சிங்கைக்காரன் எழுதியது:

இழுக்கவில்லை தம்பி. அந்தச் சட்டத்தில் நிலம் பறிகொடுத்தவர்களுக்குச் சந்தை விலை கிடைக்கவில்லை என்பதையும், இங்கே வீடு 99 வருஷக் குத்தகைதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம் ஊரில் அதெல்லாம் நடக்காது. கூரை போட்ட நடைபாதை நடக்கும். அதற்கு யாருடைய பட்டாவும் தேவையில்லை.

அசோக்நகர் அம்மணி எழுதியது:

நீங்கள் எல்லாரும் வரைபடத்தை வைத்துப் பேசுகிறீர்கள். நான் எங்கள் மொட்டைமாடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது பழைய அடுக்குமாடி, லிஃப்ட் கிடையாது, மெட்ரோவுக்கு நடந்து போகிற தூரம். 2022-ல் வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அதற்கு முன் ஒருவர் முரண்டு பிடித்தாலே போதும், எல்லாம் நின்றுவிடும். சட்டம் வந்ததும் பில்டர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். ஒரு பில்டர் கம்பெனி (பேர் வேண்டாம்) மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சமோசா, டீ எல்லாம் கொடுத்துக் கூட்டம் நடத்தினார்கள். இப்போது 650 சதுர அடி, புதுசில் 950 தருகிறோம், ஒரு பைசா வேண்டாம், இரண்டு வருஷம் வெளி வாடகையும் நாங்களே என்றார்கள். மிச்ச மாடிகளை அவர்கள் விற்றுக்கொள்வார்கள். அந்த விலை கேட்டால் தலை சுற்றும். ஆளுக்கு எவ்வளவு யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) என்று அன்றைக்குத்தான் பலர் பத்திரத்தை எடுத்தே பார்த்தார்கள்.

உரிமையாளர்களுக்கு லாபம்தான், நான் மறுக்கவில்லை. எனக்கு முழங்கால் வலி, லிஃப்ட் வந்தால் போதும். ஆனால் பிளாக்கில் பாதிக்கு மேல் வாடகைக்காரர்கள். அவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெண் கிரைண்டர் போட்டு மாவு விற்கிறாள். காலை ஆறு மணிக்கு மெட்ரோவுக்கு ஓடுகிற பிள்ளைகள் முதல் நாள் இரவே அவளிடம்தான் பாக்கெட் வாங்கி வைக்கும். புது பிளானில் அந்த இடம் "லாபி". அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. நடந்து போய் ரயில் ஏறுகிறவர்களும் இந்த வாடகைக்காரர்கள்தான். புதுசாக வாங்க வருகிறவருக்கு இரண்டு கார் பார்க்கிங் வேண்டுமாம், கூட்டத்திலேயே பில்டர் பெருமையாகச் சொன்னார்.

செங்கல்மணல் எழுதியது:

அம்மா சொன்ன கடைசி வரிதான் முக்கியம். ஸ்டேஷன் பக்கத்தில் கட்டினாலும் வீட்டுக்கு இத்தனை கார் இடம் என்று விதி கேட்கிறது. ஸ்டில்ட் (தூண்களுக்கு நடுவே கீழ்த்தளத்தில் விடும் கார் இடம்) போதாது என்றால் பேஸ்மென்ட் தோண்ட வேண்டும். சென்னையில் பேஸ்மென்ட் என்றால் தண்ணீர் இறைக்கவே ஒரு தனிச் செலவு. அந்தச் செலவு முழுக்க சதுர அடி விலையில் ஏறும். கடைசியில் கார் வைத்திருப்பவனால் மட்டும்தான் அந்த ஃபிளாட் வாங்க முடியும். கார் வைத்திருப்பவன் மெட்ரோவில் ஏன் ஏறுகிறான்? ஏர்போர்ட் போகும்போது, மழை நாளில், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கொடுக்கும்போது பார்க்கிங்கையும் வெட்ட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து 500 மீட்டருக்குள் கூடுதல் மாடி வேண்டுமா, கார் இடத்தைப் பாதியாக்கு, அந்த இடத்தில் 400 சதுர அடி வீடு கட்டு. இதைச் சொன்னால் பில்டர்கள் "மார்க்கெட் இல்லை" என்பார்கள். வீடு காட்டும்போது முதலில் பார்க்கிங்கைக் காட்டுவது அவர்கள்தானே!

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏறுகிற விலை யார் பாக்கெட்டுக்குப் போகிறது என்பதை இதுவரை யாரும் பேசவில்லை. ஹாங்காங் மெட்ரோ நிறுவனம் எம்.டி.ஆர். என்ன செய்கிறது தெரியுமா? ரயில் வருவதற்கு முன்பு என்ன விலையோ அந்த விலையில் ஸ்டேஷன், டெப்போ மேல் கட்டும் உரிமையை அரசு அதற்குக் கொடுக்கிறது. அது பில்டர்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக் கட்டி லாபத்தில் பங்கு எடுக்கிறது. முதல் வழித்தடம் திறந்தது 1979-ல். அந்தக் காலத்திலேயே கவுலூன் பே டெப்போ மேல் டெல்ஃபோர்ட் கார்டன்ஸ் என்று பெரிய குடியிருப்பு எழுப்பிவிட்டார்கள். கீழே ரயில் கழுவுகிறார்கள், மேலே ஜனம் குடியிருக்கிறது.

இங்கே 54 கிலோமீட்டர் முதல் கட்டம் ஓடுகிறது. அதனால் நிலத்துக்கு ஏறிய மதிப்பில் மெட்ரோ நிறுவனத்துக்கு வந்தது சொற்பம். சென்ட்ரலில் 27 மாடி என்று திட்டம் போட்டிருக்கிறார்கள், நந்தனத்தில் தலைமை அலுவலகக் கட்டடம் இருக்கிறது. சில இடங்களில் வாடகைக்கு விடுகிறார்கள். மற்றபடி 2008-ல் ஆலந்தூரில் மனை வாங்கிப் போட்டவர்தான் உண்மையான மெட்ரோ பங்குதாரர். கடன் மட்டும் நம் எல்லார் தலையிலும்.

சிங்கைக்காரன் எழுதியது:

ஹாங்காங்கில் வீட்டு விலை உலகத்திலேயே உச்சத்தில் இருப்பதையும் சொல்லிவிடுங்கள். ரயில் கம்பெனிக்கு நிலத்தில்தான் லாபம் என்றால் நில விலை இறங்க அது விடுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், அதுவும் ஒரு ஆபத்துதான். ஆனால் அங்கே ஏறிய விலையில் ஒரு பங்கு ரயிலுக்காவது திரும்பியது. இங்கே பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் அரசுக்குப் போகிறது, அந்த ஸ்டேஷனைச் சுற்றி ஒரு நடைபாதை போட அதில் எவ்வளவு திரும்புகிறது என்று கேட்டால் பதில் இல்லை. அந்தத் தெருவில் வசூலித்ததை அந்தத் தெருவிலேயே செலவழி என்று ஒரு விதி போட்டால்கூடப் பாதிப் பிரச்சினை தீரும்.

லாரித்தண்ணி எழுதியது:

ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) காரன் வந்துவிட்டேன். எங்கள் பக்கம் 2011-லேயே மாநகராட்சியில் சேர்த்தார்கள். இன்றைக்கும் பல குடியிருப்புகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. காலை நான்கு மணிக்கு முதல் லாரி ஹாரன், தண்ணீர் இறக்கிவிட்டுப் போகும். பத்து மணிக்கு இன்னொரு லாரி வந்து கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு போகும். இரண்டுக்கும் மெயின்டனன்ஸில் பணம் கட்டுகிறோம். இப்போது நடுவில் மெட்ரோ தூண் வந்ததில் அந்த லாரிகளும் சர்வீஸ் ரோட்டில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

இந்த நிலையில் ஓ.எம்.ஆரில் எஃப்.எஸ்.ஐ.யை ஏற்றுங்கள் என்றால், யாருடைய தண்ணீரை நம்பி? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் (சர்வதேச ஈரநிலப் பாதுகாப்பு) அந்தஸ்து கொடுத்துவிட்டு, அதன் விளிம்பில் நாற்பது மாடி கட்டினால் டிசம்பர் மழையில் வெள்ளம் எங்கே போகும்? ரயில் வந்துவிட்டது என்பதற்காக எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மாதிரி மாடி ஏற்றக் கூடாது. குழாயும் சாக்கடையும் ஏற்கெனவே இருக்கிற அண்ணாநகர், அசோக் நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் ஏற்றுங்கள். அங்கேதான் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், அங்கே தொட மாட்டார்கள்.

பெரும்பாக்கம் தோழர் எழுதியது:

நடை தூரம், கார் இடம் எல்லாம் சரி தோழர்களே. ரயிலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தவர்களை எங்கே அனுப்பினோம் என்பதையும் பேசலாமா? கூவம் ஓரம், அடையாறு ஓரம் இருந்த குடும்பங்கள் பூங்கா ஸ்டேஷனுக்கோ சைதாப்பேட்டைக்கோ நடந்தே போனவர்கள். அவர்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். எட்டு மாடிக் கட்டடம், நெருக்கம் எல்லாம் உங்கள் புத்தகத்தில் உள்ளபடியே. ரயில் மட்டும் இல்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் விடிவதற்கு முன் பஸ் நிறுத்தத்தில் நிற்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 2021-ல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்த பிறகுதான் பலர் பழைய வேலைக்கே திரும்பினார்கள்.

இப்போது ஒரு வேடிக்கை. மெட்ரோவின் மாதவரம்–சிப்காட் வழித்தடம் ஒக்கியம் துரைப்பாக்கம் வழியாகத்தான் போகிறது. கண்ணகி நகர் வாசலுக்கே ஸ்டேஷன் வருகிறது. ஊருக்கு வெளியே என்று தள்ளிய இடம் இன்றைக்கு மெட்ரோ ஓரம். என் பயம் என்னவென்றால், ரயில் வந்ததும் அங்கேயும் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்துவார். அங்கே பலருக்குக் கையில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் இருக்கிறது, கிரயப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவனிடம் யாரும் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் கேட்கமாட்டார்கள். ஸ்டேஷன் திறப்பதற்கு முன் அந்தப் பத்திரங்களை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இது ஒன்றுதான் என் கோரிக்கை.

வேளச்சேரிவாசி எழுதியது:

தோழர் சொன்னதில் ஒரு வரி சேர்க்கிறேன். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் ஸ்டேஷன் வந்தாலும் ஓ.எம்.ஆரைக் கடந்து கண்ணகி நகர் உள்ளே போக நடைபாதை போட்டால்தான் அது அவர்கள் ஸ்டேஷன். இல்லையென்றால் பறக்கும் ரயில் கதைதான்.

வேடிக்கை பார்ப்பவன் எழுதியது:

கோயம்பேட்டை யாரும் சொல்லவில்லையே. 2002-ல் பஸ் நிலையம் திறந்தார்கள், 2015-ல் வாசலிலேயே மெட்ரோ ஸ்டேஷன் வந்தது. பஸ், ரயில் இரண்டும் கைகோத்து நின்ற ஒரே இடம். 2023 டிசம்பர் கடைசியில் தென்மாவட்ட பஸ்களை ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் புது பஸ் நிலையத்துக்கு அனுப்பினார்கள், அங்கே அன்றைக்கு ரயில்வே ஸ்டேஷன்கூடக் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு மூட்டை முடிச்சோடு இறங்கினவங்க ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தாங்க. எதிலும் நாம் தலைகீழ்தான்.

செங்கல்மணல் எழுதியது:

ஜி.எஸ்.டி. சாலை (தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) நெரிசலுக்கு வேறு வழி இல்லை என்று அரசுத் தரப்பில் ஒரு காரணம் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. கோயம்பேட்டில் மிச்சமாகிற நிலம்தான் இப்போது சோதனை. மெட்ரோ வாசலில் முழுக்க அரசு நிலம், அகலமான சாலை, யாரையும் காலி செய்ய வேண்டாம். சிங்கைக்காரர் சொன்ன ஒரே மேசை வசதி இந்த ஊரில் கிடைத்த இடம் அது ஒன்றுதான். அங்கே மால் கட்டினால் இந்த இழையையே மூடிவிடலாம். வாடகை வீடு கட்டட்டும். நர்ஸ், பஸ் கண்டக்டர், கடை ஆள், இவர்கள் சம்பளத்தில் எட்டுகிற வாடகைக்கு.

நெறியாளர்:

கோயம்பேடு–கிளாம்பாக்கம் பற்றித் தனி இழை இருக்கிறது, கட்சி அரசியல் பதிவுகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். இங்கே ஸ்டேஷன் சுற்றுப்புறம் பற்றி மட்டும் தொடருங்கள்.

மாம்பலத்தான் எழுதியது:

நிறைய விஷயம் வந்துவிட்டது. 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் ஆகாய நடைபாலம் போட்டார்கள். முதலில் நானும் சிரித்தேன். இப்போது தீபாவளிக் கூட்டத்தில் வயதானவர்கள் அதில்தான் போகிறார்கள். மாடி ஏற்றாமலே பஸ்ஸும் ரயிலும் கிட்டே வந்துவிட்டன. பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் மெட்ரோ கைக்குப் போகும் என்கிறார்கள். போனால் ஹாலை வாடகைக்கு விட டெண்டர் போடுவதற்கு முன் கால்வாய்மேல் நாலு நடைபாலமும், படிக்கட்டில் விளக்கும் போடட்டும். கடைக்காரன் தானே வருவான்.

அசோக்நகர் அம்மணி எழுதியது:

அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். தரைத்தளத்தில் தெருவைப் பார்த்து நாலு சின்னக் கடை, அதில் ஒன்று மாவுக்கடைக்கு. வாடகைக்காரர்களுக்குக் காலி செய்யும்போது அட்வான்ஸோடு ஆறு மாத வாடகை. பில்டர் முகம் சுளிப்பார். செங்கல்மணல் தம்பி, சம்மதக் கடிதத்தில் இதை எப்படிச் சேர்ப்பது?

செங்கல்மணல் எழுதியது:

சம்மதக் கடிதத்தில் எழுதினால் பிடிப்பு இருக்காது அம்மா. பில்டரோடு போடுகிற கூட்டு ஒப்பந்தத்தில் ஷரத்தாக வரவேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். கடை இருக்கும் இடத்தை பிளானிலேயே குறித்து, அப்ரூவலுக்குப் போவதற்கு முன் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். "லாபி" என்று ஒரு தடவை அப்ரூவல் ஆகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரிய இழுபறி. மூன்றில் இரண்டு பங்குக்கு உங்கள் கையெழுத்தும் தேவைப்படுகிற வரைக்கும்தான் அவர் டீ கொடுப்பார். அதற்குள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.